ஒரு மாலைக்கு ஒரு மேடை: சென்னை நாடகங்களின் இருப்பும் இடமும்

சென்னையில் ஒரு வாரத்தில் என்னென்ன நாடகங்கள் நடைபெறுகின்றன என்ற கேள்விக்கு நாளிதழ்களின் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதி தரும் விடை, அந்நகரின் நாடக வாழ்வில் மிகச் சிறிய ஒரு பங்கையே காட்டுகிறது. திரைப்படம் ஓர் அரங்கில் வெளியாகி, நாள்தோறும் ஓடி, கூட்டம் குறைந்ததும் எடுக்கப்படுவதுபோல் இங்கே நாடகம் நடப்பதில்லை. சனிக்கிழமை மாலை மயிலாப்பூரில் நடிக்கப்பட்ட நாடகம் மூன்று வாரம் கழித்துத் தியாகராய நகரிலும், அதற்கு இரண்டு மாதம் கழித்து ஏதேனும் ஒரு புறநகரிலும் மறுபடி தலைகாட்டும். இடைப்பட்ட நாள்களில் அது நடிகர்களின் மனப்பாடத்திலும், ஒரு கிடங்கில் சாய்த்து வைக்கப்பட்ட தட்டிகளிலும், ஒப்பனைப் பெட்டியிலும் மட்டுமே இருக்கும். எனவே பட்டியலில் இந்த வாரம் இடம்பெறாத நாடகம் முடிந்துபோன நாடகம் என்று பொருளாகாது. அடுத்த அழைப்புக்காகக் காத்திருக்கும் நாடகம் என்பதே பொருள்.

நாடகத்தின் ஆயுளை நாள்களால் அளக்காமல் மேடையேற்றங்களால் அளக்கும் வழக்கம் இதிலிருந்தே பிறந்தது. மேடையேற்றம் என்பது ஒரு நாடகம் தொடக்கம் முதல் இறுதிவரை ஒருமுறை நடிக்கப்படுவது. ஐம்பதாவது, நூறாவது மேடையேற்றங்களுக்கு விழா எடுத்துக் கேடயம் வழங்கும் மரபு சென்னைக் குழுக்களிடம் உண்டு. ஆனால் அந்த நூறைத் தொடுவதற்குள் ஆண்டுகள் கழிந்திருக்கும், மகளாக நடித்த பெண் மணமாகி வேறு ஊர் சென்றிருப்பார், அவருடைய இடத்தில் மூன்றாவது ஒருவர் நடித்துக்கொண்டிருப்பார். நல்ல நடிகர்களும், எழுதத் தெரிந்தவர்களும், பார்க்க விரும்புபவர்களும் இந்நகரில் எக்காலத்தும் இருந்திருக்கின்றனர். இல்லாதது ஒன்றே: ஒரு நாடகம் ஒரே மேடையில் ஒரு மாதம் தங்கி நடப்பதற்கான இடமும் ஏற்பாடும். சென்னை மேடைகளில் எவ்வகை நாடகங்கள் காணக் கிடைக்கின்றன, எவ்வகை நாடகங்கள் கிடைப்பதில்லை என்பதைப் பெருமளவுக்கு இந்த ஒரு குறையே தீர்மானித்து வந்திருக்கிறது.

தங்கி நடித்த காலம்

தங்கி நடிப்பது தமிழ் நாடகத்துக்குப் புதியதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் செழித்த ‘கம்பெனி’கள், அதாவது நடிப்பையே பிழைப்பாகக் கொண்டு ஊர் ஊராகச் சென்ற முழுநேர நாடகக் குழுக்கள், ஓர் ஊரில் முகாமிட்டால் அங்கே வாரக் கணக்கில், சில வேளைகளில் மாதக் கணக்கில் தங்கின. திரைச்சீலைகள், ஆடை அணிகள், ஆர்மோனியக்காரர், சமையற்காரர், பாடம் சொல்லும் வாத்தியார் எனக் குடும்பமே பெயர்ந்து வருவதுபோல் வந்து, கொட்டகையில் ஒரு நாடகத்துக்குக் கூட்டம் வருகிற வரையில் அதனை நடத்தி, கூட்டம் தளர்ந்ததும் அடுத்த நாடகத்தைத் தொடங்குவர். சென்னையில் வால்டாக்ஸ் சாலையில் இருந்த ஒற்றைவாடை அரங்கு இத்தகைய கம்பெனிகளின் புகலிடமாக இருந்தது. எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரலுக்காகவும் கண்ணைக் கவரும் காட்சியமைப்புகளுக்காகவும் புகழ்பெற்ற கன்னையா கம்பெனியும், சிறுவர்களையே நடிகர்களாகக் கொண்டமையால் ‘பாய்ஸ் கம்பெனி’ என்று அழைக்கப்பட்ட குழுக்களும் அந்தக் காலத்துக்கு உரியவை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் அமைத்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பயின்று, பின்னர்த் தமக்கெனக் குழு கண்ட டி.கே.எஸ். சகோதரர்கள் இம்முறையைக் கட்டுப்பாட்டுடனும் கண்ணியத்துடனும் நடத்திக் காட்டியவர்கள்.

கம்பெனி வாழ்க்கை கடுமையானது. வறுமையினால் விடப்பட்ட சிறுவர்கள் அடிபட்டு வசனம் கற்றனர். குரல் உடைந்ததும் பலர் வெளியேற்றப்பட்டனர். நடிகர் என்பவருக்குச் சமூகத்தில் மதிப்பு இருக்கவில்லை. இந்த இழிவை நீக்க வந்தவராகவே பம்மல் சம்பந்த முதலியார் வரலாற்றில் இடம்பெறுகிறார். இளமையில் நாடகத்தையே வெறுத்த அவர், பெல்லாரியிலிருந்து வந்த கிருஷ்ணமாச்சார்லுவின் குழு சென்னையில் நடித்த நாடகங்களைக் கண்டு மனம் மாறி, 1891இல் நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வழக்கறிஞர்களும் படித்த குடும்பத்தினரும் மேடையேறியதும், உரைநடை வசனம் முதன்மை பெற்றதும், விடிய விடிய நீண்ட நாடகம் சில மணி நேரத்துக்குள் அடங்கியதும் இச்சபையின் பணியால் நிகழ்ந்தன. பின்னாளில் விடுதலைப் போராட்டத் தலைவராக விளங்கிய எஸ். சத்தியமூர்த்தியும் இச்சபையில் நடித்தவரே. சென்ட்ரல் இரயில் நிலையத்தின் அருகே, ரிப்பன் கட்டடத்தை ஒட்டிச் செந்நிறத்தில் நிற்கும் விக்டோரியா பப்ளிக் ஹால் அச்சபையின் இல்லமாகப் பல ஆண்டுகள் விளங்கியது.

இந்த மாற்றத்தின் மறுபக்கம் போதிய அளவுக்குப் பேசப்படவில்லை. சுகுண விலாச சபையினர் ‘அமெச்சூர்’கள், அதாவது வருமானத்துக்காக அன்றி ஆர்வத்துக்காக நடித்தவர்கள். பகலில் நீதிமன்றத்துக்குச் செல்பவர் தொடர்ந்து முப்பது இரவுகள் நடிக்க இயலாது. தேர்ந்தெடுத்த ஒரு மாலையில் நடிப்பார், மறுநாள் தம் அலுவலுக்குத் திரும்புவார். நடிகருக்கு மதிப்பு வந்த வழியே நாடகத்தின் தங்குதலும் போன வழியாயிற்று. சம்பந்த முதலியாரின் தொண்டினைக் குறைத்து மதிப்பிடுவதற்காக இதனைக் கூறவில்லை. தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதி, ‘நாடக மேடை நினைவுகள்’ என்னும் அரிய ஆவணத்தையும் விட்டுச் சென்ற அவருக்குத் தமிழ் மேடை பட்ட கடன் பெரிது. எனினும் இன்றைய சென்னை நாடகத்தின் அடிப்படை இலக்கணம், வேலை நேரம் போக மிஞ்சிய மாலைகளில் நடப்பது என்பது, அங்கேதான் எழுதப்பட்டது.

சபா என்னும் அமைப்பு

சுதந்திரத்துக்குப் பின் இந்த இலக்கணத்துக்கு ஒரு பொருளாதாரம் அமைந்தது, அதுவே சபா. சபா என்பது உறுப்பினர்களிடம் ஆண்டுச் சந்தா பெற்று, மாதந்தோறும் இசை, நடனம், நாடகம் ஆகிய நிகழ்ச்சிகளை அவர்களுக்கு வழங்கும் சங்கம். மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப், நாரத கான சபா, தியாகராய நகர் வாணி மகாலில் இயங்கும் தியாக பிரம்ம கான சபா, கிருஷ்ண கான சபா, கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் போன்றவை இவ்வகையின. இவற்றுள் சிலவற்றுக்குச் சொந்த அரங்கு உண்டு. அரங்கு இல்லாதவை பிறருடையதை வாடகைக்கு எடுக்கின்றன. நாடகக் குழுவினர் ‘ட்ரூப்’ என்றே தம்மைச் சொல்லிக்கொள்கின்றனர். சபா ஒரு மேடையேற்றத்துக்கு இவ்வளவு என்று பேசிய தொகையை ட்ரூப்புக்குக் கொடுக்க, அதிலிருந்து நடிகர்களின் சன்மானம், செட், ஒளி, ஒலி, ஒப்பனை, வண்டி வாடகை அனைத்தும் தீர வேண்டும். சபாச் செயலாளரிடமிருந்து ‘டேட்’ கிடைப்பதே ட்ரூப்பின் உயிர்மூச்சு.

இதில் நுட்பமாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சபாவின் பார்வையாளர் அதன் உறுப்பினர்களே; சனிக்கிழமை வந்து பார்த்தவர்களே ஞாயிற்றுக்கிழமையும் வருவர். ஆகவே ஒரு நாடகத்தை ஒரு சபா ஒரு மாலைக்கு மேல் நடத்தக் காரணமே இல்லை. நாடகம் எவ்வளவு சிறந்ததாயினும், எவ்வளவு கைதட்டல் பெற்றதாயினும், அந்த உறுப்பினர்களைப் பொறுத்த வரையில் அது முடிந்துவிட்டது. அவர்களுக்கு அடுத்த மாதம் வேறொன்று வேண்டும். எனவே நகரில் எத்தனை சபாக்கள் உள்ளனவோ, ஏறக்குறைய அத்தனை மேடையேற்றங்களே ஒரு புதிய நாடகத்துக்கு உறுதி. குரோம்பேட்டை, நங்கநல்லூர், பெரம்பூர், அம்பத்தூர் எனப் புறநகர்தோறும் சபாக்கள் இயங்கிய காலத்தில் ஒரு ட்ரூப் மாதத்தின் பெரும்பாலான வார இறுதிகளில் நடிக்க முடிந்தது. அவை ஒவ்வொன்றாக ஓய்ந்தபோது, நாடகத்தின் தரத்தில் மாற்றம் ஏதும் இல்லாமலே அதன் ஆயுள் பாதியாயிற்று.

சபா நாடகத்தின் தோற்றத்தையும் இந்த அமைப்பே வகுத்தது. மேடையின் நடுவே ஒரு சோபா, பக்கவாட்டில் ஒரு சாப்பாட்டு மேசை அல்லது தொலைபேசி வைத்த சிறு மேசை, பின்தட்டியில் ஒரு சாமிப் படமும் நாள்காட்டியும், வலப்புறம் வாசலுக்கும் இடப்புறம் சமையலறைக்குமாக இரண்டு வழிகள்: நடுத்தர வருவாய்க் குடும்பத்தின் இந்தக் கூடத்தில்தான் அரை நூற்றாண்டுத் தமிழ்க் குடும்ப நாடகம் பெரும்பாலும் நடந்திருக்கிறது. பிற்பகலில் வண்டியில் வந்து இரண்டு மணி நேரத்தில் நிறுத்தி, இரவு அரை மணி நேரத்தில் கழற்றக் கூடிய செட் இது ஒன்றுதான். மேலிருந்து தொங்கும் ஒலிவாங்கிகள் நடிகரின் நடமாட்டத்தையும் ஆண்டன. முக்கியமான வசனத்தைப் பேசுபவர் இயல்பாக நடந்து வருவதுபோல் மேடையின் முன்விளிம்புக்கு வந்து, ஒலிவாங்கிக்கு நேர் கீழே நின்று, அவையைப் பார்த்துப் பேசுவார். உடன் பேசுபவர் அரை அடி தள்ளி நிற்பார். நகைச்சுவை வசனத்துக்குப் பின் சிரிப்பலை எழுந்து தணியும் வரை நிறுத்தி, அது முற்றிலும் அடங்குவதற்கு ஒரு கணம் முன்பாக அடுத்த வசனத்தை எடுக்கும் கணக்கு நூல்களில் இல்லாத ஒரு கலை. காத்தாடி ராமமூர்த்தி போன்ற மூத்த நடிகர்களிடம் அதனைக் கண்டவர்கள், சபா நாடகத்தை நடிப்பே இல்லாத துணுக்குத் தோரணம் என்று ஒதுக்கும் விமரிசனத்தை ஏற்கமாட்டார்கள்.

துணுக்குத் தோரணம் என்ற குறை ஆதாரமற்றதும் அன்று. நகைச்சுவைத் துணுக்குகளைக் கோத்து இரண்டு மணி நேரம் நிரப்பும் போக்கு எழுபதுகளுக்குப் பின் வலுப்பெற்றது உண்மை. ஆனால் சபா மேடை அதற்கு முன்பே வேறு பலவற்றையும் கண்டிருந்தது. ஒய்.ஜி. பார்த்தசாரதியும் நண்பர் பட்டுவும் 1952இல் தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ், நடுத்தர வர்க்கத்தின் குடும்பச் சிக்கல்களை மேடைக்குக் கொண்டுவந்தது. கணக்காயர் அலுவலகத்தில் பணிபுரிந்துகொண்டே எழுதிய கே. பாலசந்தர் ‘மேஜர் சந்திரகாந்த்’, ‘நீர்க்குமிழி’, ‘சர்வர் சுந்தரம்’, ‘எதிர்நீச்சல்’ ஆகியவற்றைத் தந்தார். இவையனைத்தும் பின்னர்த் திரைப்படங்களாயின. சோ ராமசாமியின் ‘முகமது பின் துக்ளக்’ 1968இல் மேடையேறி அரசியல் அங்கதத்துக்குச் சபாக்களில் இடம்பிடித்தது. டெல்லி சுல்தானான இதே துக்ளக்கைப் பற்றிய கிரீஷ் கர்னாடின் புகழ்பெற்ற கன்னட நாடகம், அவர் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் பணியாற்றிச் சென்னையில் வாழ்ந்த அறுபதுகளில்தான் வெளிவந்தது என்பதும், அதே காலத்தில் அவர் ‘மெட்ராஸ் பிளேயர்ஸ்’ குழுவில் நடித்துவந்தார் என்பதும் இந்நகரின் நாடக வரலாற்றில் நினைத்து மகிழத்தக்க தற்செயல்கள்.

இவர்கள் எல்லாரினும் வேறுபட்டவர் ஆர்.எஸ். மனோகர். 1954இல் அவர் தொடங்கிய நேஷனல் தியேட்டர்ஸ், ‘இலங்கேஸ்வரன்’, ‘சாணக்கிய சபதம்’, ‘சூரபத்மன்’ முதலிய புராண, வரலாற்று நாடகங்களைத் தந்திரக் காட்சிகளுடன், அதாவது பார்ப்பவர் கண்முன்னே உருமாறுவதும் மறைவதும் பறப்பதுமான இயந்திர அமைப்புகளுடன் நடத்தியது. கம்பெனி மரபின் பிரம்மாண்டத்தைச் சபாக் காலத்துக்குச் சுமந்து வந்த கடைசிக் கலைஞர் அவர். அவருடன் அந்தத் தொழில்நுட்பமும் ஏறக்குறைய முடிந்துவிட்டது. கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ சபா மேடையிலேயே மற்றொரு எல்லையைத் தொட்டது. அத்திப்பட்டி என்னும் வறண்ட ஊரின் மக்கள் தண்ணீருக்காகத் தாமே கால்வாய் வெட்டப் புறப்பட்டு, அரசு எந்திரத்தால் தடுக்கப்படும் கதையைக் கூடத்துச் சோபா இல்லாமலே சபா உறுப்பினர்கள் கண்டு கலங்கினர். பாலசந்தர் இயக்கத்தில் 1981இல் திரைப்படமான அந்நாடகத்தைக் கோமலின் மகள் தம் குழுவின்மூலம் மீண்டும் மேடைக்குக் கொண்டுவந்தது பாராட்டுக்குரிய செயல்.

தொலைக்காட்சியின் வரவு இந்த உலகை மெல்ல உலர்த்தியது. 1975 ஆகஸ்டில் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சி நிலையம் செவ்வாய்க்கிழமை நாடகம் என்ற பெயரில் மேடைக் குழுக்களையே வீட்டுக்கு அழைத்து வந்தது. தொண்ணூறுகளில் தனியார் அலைவரிசைகளின் நெடுந்தொடர்கள் அக்குழுக்களின் நடிகர்களையும் எழுத்தாளர்களையும் நாள் முழுவதும் எடுத்துக்கொண்டன. ஏழு மணிக்கு அரங்குக்கு வர வேண்டிய குடும்பம் அதே நேரத்தில் அதே நடிகரை வீட்டில் பார்த்தது. அந்நிலையிலும் நிலைத்து நின்றவர் கிரேசி மோகன். பொறியியல் பட்டதாரியான அவர் 1979இல் தொடங்கிய ‘கிரேசி கிரியேஷன்ஸ்’, சொற்சிலேடையையும் ஆள்மாறாட்டத்தையும் ஒரு கணித ஒழுங்குடன் பின்னிய நாடகங்களை வழங்கியது; சாக்லேட் விற்பவன் ஒருவனின் வாழ்வில் கண்ணனே நேரில் வந்து நுழையும் ‘சாக்லேட் கிருஷ்ணா’ நூற்றுக்கணக்கான மேடையேற்றங்களைக் கண்டது. அவர் 2019இல் மறைந்த பின்னும் தம்பி மாது பாலாஜியின் தலைமையில் குழு தொடர்ந்து நடித்து வருகிறது. ஒய்.ஜி. மகேந்திரனின் குழு பழைய வெற்றி நாடகங்களை மீட்டெடுப்பதோடு, கர்நாடக இசைக்கலைஞர் ஒருவரை மையமாகக் கொண்ட ‘சாருகேசி’ போன்ற புதியனவற்றையும் தந்திருக்கிறது. பாம்பே ஞானம் வழிநடத்தும் மகாலட்சுமி பெண்கள் நாடகக் குழுவில் ஆண் பாத்திரங்களையும் பெண்களே ஏற்கின்றனர். வசனங்கள் முன்பே ஒலிப்பதிவு செய்யப்பட்டிருப்பதால், மீசை ஒட்டிய பெண்ணின் உதடசைவும் பதிவில் ஒலிக்கும் ஆண் குரலும் இம்மியும் பிசகாமல் பொருந்துவதைக் காண்பது தனி அனுபவம்.

மார்கழியில் இந்த அரங்குகள் அனைத்தும் இசைக்கும் நடனத்துக்கும் போய்விடும், நாடகத்துக்குக் கோடைதான். கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழா, புதிய நாடகங்கள் வரிசையாக அரங்கேறி, நடுவர்கள் முன் போட்டியிட்டுப் பரிசு பெறும் களம். ஆண்டில் புதிதாக எழுதப்படும் சபா நாடகங்களுள் கணிசமானவை இவ்விழாவுக்காகவே எழுதப்படுகின்றன என்பது அதன் பெருமை. பரிசளிப்பு முடிந்தபின் அவற்றுள் பல மிகச் சில மேடையேற்றங்களோடு நின்றுவிடுகின்றன என்பது வேதனை.

மற்றொரு மேடை

சபாக்களின் சுற்றுக்கு வெளியே, எழுபதுகளின் இறுதியிலிருந்து மற்றொரு நாடகம் சென்னையில் வளர்ந்தது; ‘நவீன நாடகம்’ என்று அதற்குப் பெயர். வசனத்தைவிட நடிகரின் உடலையும் வெளியையும் முதன்மையாகக் கொள்வதும், கதையை நேர்கோட்டில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயத்தை விடுவதும் இதன் இயல்புகள். ந. முத்துசாமி 1977இல் நண்பர்களுடன் தொடங்கிய கூத்துப்பட்டறையே இதன் தாய்வீடு. புரிசை கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்தில், அதாவது வடதமிழகத்தில் இரவு முழுவதும் பாரதக் கதைகளைப் பாட்டும் அடவுமாக நிகழ்த்தும் மரபுக் கலையில், தமிழ் நடிகனுக்குரிய உடல்மொழியை முத்துசாமி கண்டெடுத்தார். ‘காலம் காலமாக’, ‘நாற்காலிக்காரர்’, ‘இங்கிலாந்து’, ‘படுகளம்’ ஆகிய அவருடைய நாடகங்களைக் காட்டிலும் பொதுமக்கள் மிகுதியாக அறிந்தவை அவரிடம் பயின்ற நடிகர்களின் முகங்கள்: பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விமல் எனப் பலர் அங்கிருந்து திரைக்குச் சென்றனர். விஜய் சேதுபதி அங்கே கணக்கராகப் பணியாற்றியபடி நடிப்பைக் கவனித்தவர்.

நடிகர்களுக்கு ஊதியம் கொடுத்து முழுநேரமாக வைத்துப் பயிற்சியளித்தது கூத்துப்பட்டறையின் தனிச்சிறப்பு. கம்பெனிக் காலத்துக்குப் பின் அறுபட்டுப்போன முழுநேர நடிப்பு வாழ்க்கையை, சிறுவர்களை வதைக்காத வேறொரு வடிவில், அறக்கட்டளைகளின் நல்கையைக் கொண்டு மீட்க நடந்த முயற்சியாகவே அதனைக் காண வேண்டும். நல்கை சுருங்கியபோது அந்த ஏற்பாடும் சுருங்கியது. ஆறு மாதம் ஒத்திகை பார்த்த நாடகம் இரண்டு அல்லது மூன்று மாலைகள் மட்டும் நடந்து நின்றுபோவது இம்மேடையின் நெடுநாள் துயரம். சபா நாடகத்துக்காவது பத்து, இருபது சபாக்கள் உண்டு, நவீன நாடகத்துக்கு அதுவும் இல்லை.

1978இல் ஞாநி தொடங்கிய பரீக்‌ஷா, அலுவலகம் செல்லும் இளைஞர்களைக் கொண்டே பாதல் சர்க்கார், விஜய் டெண்டுல்கர், இந்திரா பார்த்தசாரதி ஆகியோரின் நாடகங்களைத் தமிழில் நடத்தியது. மேடையே வேண்டாம் என்று தெருமுனைக்குச் சென்ற வீதி நாடகத்தை, 1984 முதல் பிரளயனின் சென்னைக் கலைக்குழு வளர்த்தது. வங்க நாடக ஆசிரியரான பாதல் சர்க்கார் 1980இல் சோழமண்டலத்தில் நடத்திய பட்டறை அத்திசையில் பலருக்குத் தூண்டுதலாக அமைந்தது. அ. மங்கையின் நெறியாள்கையில் உருவான ‘மௌனக்குறம்’, இன்குலாப் எழுதிய ‘ஔவை’ ஆகியவை மரபின் பெண் உருவங்களைப் பெண்ணின் கண்கொண்டு திரும்பப் பார்த்தன. திருநங்கையரே நடிக்கும் கண்ணாடிக் கலைக்குழுவும், எழுத்தாளர் அ. ரேவதி தம் வாழ்க்கையைத் தாமே தனியொருவராக நிகழ்த்தும் ‘வெள்ளை மொழி’யும் இதே முயற்சியின் தொடர்ச்சி. தமிழ் மேடையில் எத்தனையோ தலைமுறையாகப் பெண் வேடமிட்ட ஆண்களைச் சிரிப்புக்கும் அழகுக்கும் பயன்படுத்திக்கொண்ட நகரம், பெண்ணாகவே வாழத் துணிந்த ஒருவர் நடு மேடையில் நின்று தம் கதையைச் சொல்லும்போது இமைக்காமல் கேட்கிறது. அண்மைக் காலத்துச் சென்னை மேடையின் மிகப் பெரிய பேறு இதுவே என்று துணிந்து கூறலாம்.

ஆங்கில நாடகத்தின் கதை தனி. 1955இல் தோன்றிய மெட்ராஸ் பிளேயர்ஸ், நாட்டின் மிகப் பழைய ஆங்கில நாடகக் குழுக்களுள் ஒன்று. அண்மைக் காலத்தில் அது தமிழ்ப் படைப்புகளை ஆங்கிலத்தில் நடிப்பதிலும் ஆர்வம் காட்டி, ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகத்தையும் ஆர். சூடாமணியின் கதைகளையும் மேடையேற்றியது. ராஜீவ் கிருஷ்ணனின் ‘பெர்ச்’ குழு வைக்கம் முகமது பஷீரின் கதைகளையும் கி. ராஜநாராயணனின் கதைகளையும் பல மொழி கலந்த ஆட்டமாக வடித்தது.

இவர்கள் யாவரும் நடிக்கும் இடங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை: சேத்துப்பட்டில் ஒரு பள்ளி வளாகத்திலுள்ள சர் முத்தா வேங்கடசுப்பா ராவ் அரங்கு, நுங்கம்பாக்கத்தில் அலியான்ஸ் பிரான்சேஸ், பெசன்ட் நகரில் நடனக் கலைஞர் சந்திரலேகாவின் ‘ஸ்பேசஸ்’, எழும்பூரில் மியூசியம் தியேட்டர். கடைசியாகச் சொன்னது 1896இல் அரசு அருங்காட்சியக வளாகத்தில் இத்தாலியப் பாணியில் எழுந்த கட்டடம். அரைவட்டமாகப் படிபோல் உயரும் இருக்கைகளிலிருந்து மேடையை நோக்கினால், நடிகர் நெடுந்தொலைவில் இருப்பதாகத் தோன்றுவதில்லை. ஒலிவாங்கி இல்லாமல் பேசும் குரலும் பின்வரிசையை எட்டும். நாடகத்துக்கென்றே வடிவமைக்கப்பட்ட அரங்கு எப்படி இருக்கும் என்பதை இந்நகருக்கு நினைவூட்டிக்கொண்டிருக்கும் கட்டடம் அது. நூற்றாண்டு கடந்தும் அதற்கு இணையான ஓர் அரங்கினைச் சென்னை, கச்சேரிக்கும் கல்யாணத்துக்கும் மாநாட்டுக்கும் பொதுவாக அன்றி, நாடகத்துக்காக மட்டும் கட்டிக்கொள்ளவில்லை.

ஒரு நாடகம் ஊரைத் திரட்டிய நாள்கள்

நிலைத்து நடந்தால் பார்க்க ஆள் வருவார்களா என்ற ஐயத்துக்கு விடை ஒருமுறையன்று, இருமுறை கிடைத்திருக்கிறது. 1999இல் ‘மேஜிக் லாண்டர்ன்’ குழு, கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ புதினத்தை இளங்கோ குமரவேலின் நாடகமாக்கத்தில், பிரவீணின் நெறியாள்கையில், நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திறந்தவெளி அரங்கில் நடத்தியது. ஐந்து பாகம் கொண்ட கதை ஏறக்குறைய நான்கு மணி நேர நாடகமாக விரிந்தபோது, நாடகம் பார்க்கும் வழக்கமே இல்லாத குடும்பங்கள் பாட்டி முதல் பேரன்வரை வந்து அமர்ந்தன. 2014இல் அதே நாடகம் தோட்டா தரணியின் அரங்க அமைப்புடன், தொடர்ந்து பல நாள்கள் மீண்டும் நடந்து அரங்கை நிறைத்தது. அந்த நாடக வடிவத்தை அமைத்த குமரவேலே பின்னர் மணி ரத்னத்தின் திரைப்படத்துக்குத் திரைக்கதையிலும் பங்களித்தார்.

இவ்வெற்றிக்குக் கல்கியின் புகழே காரணம் என்று கூறுவாரும் உளர். அது பாதி உண்மை. நாடகம் தொடர்ந்து நடந்ததால், முதல் நாள் பார்த்தவர் சொல்லக் கேட்டு மூன்றாம் நாள் ஒருவர் வர முடிந்தது என்பது மறுபாதி. வாய்வழிச் செய்தியே நாடகத்தின் ஆகப் பழைய விளம்பரம். ஒரே மாலையில் முடியும் நாடகத்துக்கு அந்த விளம்பரம் போய்ச் சேர்வதற்குள் செட் கிடங்குக்குப் போய்விடுகிறது.

நாடகத்தின் வழியில் அரசு வைத்திருந்த ஒரு தடை அண்மைக் காலத்தில்தான் விலகியது. நடிகர் எம்.ஆர். ராதாவின் இராமாயண நாடகம் எழுப்பிய புயலை ஒட்டி 1954இல் இயற்றப்பட்ட நாடக நிகழ்ச்சிகள் சட்டம், எழுத்துப்படியை முன்கூட்டியே காவல்துறையிடம் கொடுத்து இசைவு பெறும் நிலையைப் பல்லாண்டு நீட்டித்தது. ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. பெரியாரின் மேடைகளில் ராதா அடிபட்டும் சிறைசென்றும் நடித்துக் காத்த உரிமை, இப்படி அறுபது ஆண்டு கழித்துச் சட்டத்தின் ஏட்டில் ஏறியது.

இழப்பு இன்னும் ஓரிடத்தில் நிகழ்ந்துகொண்டிருக்கிறது. முத்துசாமி, இந்திரா பார்த்தசாரதி போன்றோரின் நாடகங்கள் நூல்களாகக் கிடைக்கின்றன. சபா மேடையில் ஐம்பது ஆண்டுகளாக நடிக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை அச்சேறவே இல்லை. அவற்றின் மூலம் எனத்தக்கது ‘பிராம்ப்டர்’ கையிலிருந்த நோட்டுப் புத்தகம் ஒன்றே. பிராம்ப்டர் என்பவர் தட்டிக்குப் பின்னால் சிறு விளக்கொளியில் அமர்ந்து, நடிகர் மறக்கும் வசனத்தின் முதல் சொல்லை எடுத்துக்கொடுப்பவர். அந்த நோட்டில் எழுத்தாளர் எழுதிய வசனம் நீல மையிலும், ஒத்திகையில் நீக்கியது பென்சில் கோட்டிலும், நூறு மேடையேற்றங்களில் நடிகர்கள் தாமே சேர்த்துப் பலித்தவை பக்க ஓரங்களிலும் இருக்கும். எந்த இடத்தில் சிரிப்பு நீளும் என்பதற்கும் ஒரு குறி இருக்கும். ட்ரூப் கலைந்ததும் அந்த நோட்டு ஒருவர் வீட்டுப் பரணில் போய்ச் சேர்கிறது. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும்போது, பழைய நாடகச் சுவரொட்டிகளோடும் கேடயங்களோடும் அது எடைக்குப் போகிறது.